சிறு காசு நிற்கும்போது: பில்லிலும் கல்லாவிலும் கணக்கிலும் மாற்ற வேண்டியவை

மிகச் சிறிய நாணயம் நிற்கப்போகிறது என்ற செய்தி வந்ததும் எல்லோரும் கேட்பது, விலை ஏறுமா என்பதைத்தான். ரவுண்ட் ஆஃப் (தொகையை, கையில் உள்ள நாணயங்களால் கொடுக்கக்கூடிய அருகிலுள்ள தொகைக்கு ஏற்றுவது அல்லது இறக்குவது) எந்த இடத்தில், எந்த விதிப்படி நடக்கிறது என்பதைப் பார்க்காமல் அதற்குப் பதில் சொல்ல முடியாது. பில்லின் கடைசித் தொகையில், ரொக்கத்துக்கு மட்டும் நடந்தால் விளைவு ஏறக்குறைய பூஜ்யம். ஒவ்வொரு பொருளின் விலையிலும் நடந்தால் அது விலையேற்றமேதான். கடை நடத்துபவர், கணக்கு எழுதுபவர், பில்லிங் மென்பொருளைப் பார்த்துக்கொள்பவர் ஆகியோர் செய்ய வேண்டிய வேலைகள் வரிசையாகக் கீழே உள்ளன. எந்த நாட்டுப் பணமானாலும் பொருந்தும்படி, நூறு காசு சேர்ந்தது ஒரு முழுத் தொகை என்று வைத்துக்கொண்டு எழுதியிருக்கிறோம்.

முதலில் அறிவிப்பைச் சரியாகப் படியுங்கள்

"நிறுத்தம்" என்ற ஒரே பெயரில் மூன்று வேறு வேறு காரியங்கள் நடக்கின்றன. நாணயச்சாலை புதிதாக அச்சடிப்பதை நிறுத்துவது ஒன்று. வங்கிகள் வெளியே கொடுப்பதை நிறுத்தி, வருவதைத் திரும்ப எடுத்துக்கொள்வது இரண்டாவது. குறிப்பிட்ட நாளுக்குப் பிறகு சட்டப்படி செல்லாது என்று ஆக்குவது மூன்றாவது.

கனடாவில் கடைசி ஒரு சென்ட் 2012 மே 4 அன்று வின்னிபெக்கில் அச்சானது. 2013 பிப்ரவரி 4 முதல் விநியோகம் நின்றது. ஆனால் அந்த நாணயம் இன்றும் செல்லும். ஆஸ்திரேலியா 1, 2 சென்ட் நாணயங்களை 1992-இல் புழக்கத்திலிருந்து எடுக்கத் தொடங்கியது. அவையும் செல்லாதவை ஆகவில்லை. இந்தியா வேறு வழியில் போனது: 25 பைசாவும் அதற்குக் கீழுள்ளவையும் 2011 ஜூன் 30 முதல் செல்லாது. நியூசிலாந்து 2006-இல் 5 சென்ட்டை எடுத்தபோது ஜூலை 31-க்கும் அக்டோபர் 31-க்கும் இடையே மூன்று மாதம் பழையதும் புதியதும் சேர்ந்தே ஓடின.

செல்லும் நாணயமாகவே இருந்தால் வாடிக்கையாளர் கொடுப்பதை வாங்கிக்கொள்ளுங்கள், தனி டப்பாவில் போடுங்கள், மீண்டும் சில்லறையாகக் கொடுக்காதீர்கள். செல்லாததாகும் தேதி இருந்தால், வங்கியில் கட்டும் கடைசி நாளுக்குச் சில வாரம் முன்னதாகவே கல்லாவில் வாங்குவதை நிறுத்துங்கள். கடைசி வாரத்தில் வங்கிக் கவுன்டர்களில் எல்லோரும் மூட்டையோடுதான் நிற்பார்கள்.

விதி

மிகச் சிறிய நாணயம் 5 காசு ஆகும்போது பெரும்பாலான நாடுகள் எடுத்துக்கொண்ட விதி ஒன்றே. மொத்தம் 1, 2-இல் முடிந்தால் கீழே 0-க்கு. 3, 4 என்றால் மேலே 5-க்கு. 6, 7 என்றால் கீழே 5-க்கு. 8, 9 என்றால் மேலே அடுத்த 10-க்கு. 0, 5 அப்படியே. இறங்குவது மொத்தம் 6 காசு, ஏறுவதும் மொத்தம் 6 காசு. கடைசி இலக்கங்கள் சமமாகப் பரவியிருந்தால் யாருக்கும் லாபமில்லை, யாருக்கும் நட்டமில்லை.

10 காசுக்கு ரவுண்ட் ஆஃப் செய்யும்போதுதான் சிக்கல். 5-இல் முடியும் தொகை இரண்டு பக்கத்துக்கும் சம தூரம். அதை மேலே ஏற்றினால் பில்லுக்குச் சராசரியாக அரைக் காசு கடைக்குப் போகும். கீழே இறக்கினால் அதே அரைக் காசு வாடிக்கையாளருக்கு. நியூசிலாந்தில் 5 சென்ட் போன பிறகு இதைக் கடைக்காரர்களின் முடிவுக்கே விட்டார்கள், பெரும்பாலானோர் இறக்கினார்கள். அரைக் காசுக்காகக் கவுன்டரில் வாக்குவாதம் செய்வதை விட இறக்குவது மலிவு என்பதே எங்கள் கருத்தும்.

எப்படி முடிவெடுத்தாலும் அதை எழுதி கல்லாவின் அருகில் ஒட்டுங்கள். "ரொக்கத்துக்கு மட்டும், மொத்தத் தொகைக்கு மட்டும்" என்ற இரண்டும் அதில் இருக்க வேண்டும். கார்டு, வங்கிப் பரிமாற்றம், காசோலை எல்லாம் காசு பிசகாமல் அப்படியே வசூலாகும்.

பில்லில் வரிசை

பொருள்களின் விலை, தள்ளுபடி, வரி, இவற்றின் கூட்டுத்தொகை, அதன் பிறகே ரவுண்ட் ஆஃப். வரியை ரவுண்ட் ஆஃப் ஆகாத தொகையில்தான் கணக்கிட வேண்டும். இந்த வரிசை மாறினால் வரி அறிக்கையும் விற்பனைப் பதிவும் ஒத்துப்போகாது. பில்லில் மூன்று தொகைகள் தனித்தனியாகத் தெரியட்டும்: மொத்தம், ரவுண்ட் ஆஃப் (கூட்டல் அல்லது கழித்தல் குறியோடு), கொடுக்க வேண்டிய ரொக்கம்.

பாதி கார்டிலும் பாதி ரொக்கத்திலும் கொடுப்பவர்கள் உண்டு. கார்டு தொகையை முதலில் கழித்துவிட்டு, மிச்சத்தை மட்டும் ரவுண்ட் ஆஃப் செய்யுங்கள். 23.48-இல் 20.00 கார்டில் போனால், மிச்சம் 3.48 என்பது 3.50 ஆகிறது. முழு பில்லையும் முதலில் ரவுண்ட் ஆஃப் செய்யும் மென்பொருளில், வாடிக்கையாளர் கடைசி நேரத்தில் முழுவதையும் கார்டுக்கு மாற்றினால் 2 காசு அதிகமாகப் பிடித்துவிடும்.

மென்பொருளில் தசமப் புள்ளியோடு கணக்குப் போடாதீர்கள். 1.13-ஐ 100-ஆல் பெருக்கினால் கணினியின் மிதவைப் புள்ளிக் கணக்கில் (தசம எண்களைத் தோராயமாக வைத்துக்கொள்ளும் முறையில்) 113 வராது, 112.99999 என்று இழுக்கும். பின்னத்தை வெட்டினால் 112 ஆகும். 113 என்றால் 115-க்கு ஏற வேண்டும், 112 என்றால் 110-க்கு இறங்கும். ஒரு பில்லில் 5 காசு தவறு, அதுவும் சில தொகைகளுக்கு மட்டும் வருவதால் கண்டுபிடிக்க நாளாகும். எல்லாத் தொகையையும் காசுகளாக, முழு எண்ணாக வைத்துக்கொள்ளுங்கள். அந்த எண்ணோடு 2 கூட்டி, 5-ஆல் வகுத்து, மீதியை விட்டுவிட்டு, ஈவை 5-ஆல் பெருக்கினால் சரியான விடை.

எதிர்மறைத் தொகையில் இதே சூத்திரம் சில மொழிகளில் கவிழும். வகுத்தலைப் பூஜ்யத்தை நோக்கி வெட்டும் மொழியில் −3 என்பது −5-க்குப் பதிலாக 0 ஆகிவிடும். திருப்பித் தரும் தொகைகளுக்குக் குறியை எடுத்துவிட்டு ரவுண்ட் ஆஃப் செய்து, பிறகு குறியைச் சேர்ப்பதே பாதுகாப்பானது. 10 காசு விதி வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும்: பல மொழிகளில் உள்ளமைந்த ரவுண்ட் செய்யும் கட்டளை, சம தூரத்தில் நிற்கும் எண்ணை இரட்டைப்படை எண் பக்கமாகத் தள்ளும். 15-ஐ 20 ஆக்கும், 25-ஐயும் 20 ஆக்கும். ஒட்டியிருக்கும் அறிவிப்பு ஒன்று சொல்லும், பில் வேறொன்று சொல்லும்.

பொருளைத் திருப்பித் தரும்போது

முழு பில்லும் திரும்பினால் தொல்லை இல்லை. அதே தொகை, அதே விதி, அதே ரொக்கம். ஒரு பகுதி மட்டும் திரும்பும்போதுதான் கணக்கு நழுவும். 10.02 பில்லுக்கு 10.00 வாங்கியிருக்கிறீர்கள். 3.03 மதிப்புள்ள பொருள் திரும்ப வருகிறது. 3.03-ஐத் தனியாக ரவுண்ட் ஆஃப் செய்து 3.05 கொடுத்தால் கையில் நிற்பது 6.95. ஆனால் அந்த வாடிக்கையாளர் எடுத்துச் சென்றவற்றின் மதிப்பு 6.99, அவை மட்டும் வாங்கியிருந்தால் 7.00 கொடுத்திருப்பார்.

பிசகாத வழி: திருப்பித் தந்த பிறகு மிஞ்சும் பில்லைப் புதிதாகப் போடுங்கள், அதை ரவுண்ட் ஆஃப் செய்யுங்கள், முன்பு வாங்கிய ரொக்கத்திலிருந்து அதைக் கழித்துக் கொடுங்கள். இங்கே 10.00-இல் 7.00 போக 3.00. விளக்கம் கேட்பவருக்குப் பழைய பில்லையும் புதிய பில்லையும் சேர்த்துக் காட்டினால் போதும். பில் எண் இல்லாமல் பொருளைத் திரும்ப எடுக்கும் கடைகள் தனித்தொகையையே ரவுண்ட் ஆஃப் செய்ய வேண்டியிருக்கும். அந்த 5 காசு நழுவலை ஏற்றுக்கொள்ளுங்கள்.

கணக்குப் புத்தகத்தில் தனித் தலைப்பு

ரவுண்ட் ஆஃப் வித்தியாசத்துக்கு லெட்ஜரில் தனிக் கணக்குத் திறங்கள். விற்பனைத் தலைப்பிலோ கல்லாப் பற்றாக்குறைத் தலைப்பிலோ கலக்காதீர்கள். கலந்தால், காசாளர் தவறு எது, ரவுண்ட் ஆஃப் எது என்று பிரிக்கவே முடியாது. காசாளர் கையில் எடுத்தாலும் தெரியாது.

அந்தக் கணக்கு எவ்வளவு ஆடலாம் என்பதற்கு எளிய அளவுகோல் உண்டு. 5 காசு விதியில் ஒவ்வொரு ரொக்க பில்லும் −2 முதல் +2 வரை ஐந்து மதிப்புகளில் ஒன்றைத் தருகிறது. அவை சமமாக வந்தால் ஒரு பில்லின் திட்டவிலக்கம் (சராசரியிலிருந்து பொதுவாக விலகும் அளவு) ஏறக்குறைய 1.4 காசு. ஒரு நாளின் எல்லைக்கு, பில் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தை அதன் இரு மடங்கான 2.8-ஆல் பெருக்குங்கள்: 400 பில்லுக்கு 56 காசு, 1000 பில்லுக்கு ஏறக்குறைய 89 காசு. இருபது நாளில் ஒரு நாள் இந்த எல்லையைத் தாண்டுவது இயல்பு. தொடர்ந்து ஒரே பக்கமாகத் தாண்டினால் காரணம் தேடுங்கள். பெரும்பாலும் மூன்றில் ஒன்றாக இருக்கும்: மென்பொருள் ஒரு பக்கமாகவே தள்ளுகிறது, காசாளர் கையால் ஏற்றுகிறார், அல்லது உங்கள் விலைகளே சாய்ந்திருக்கின்றன.

.99 விலைகள் செய்யும் வேலை

இந்த மூன்றாவது காரணம்தான் பொருளாதார வாதங்கள் அனைத்துக்கும் மூலம். எல்லாப் பொருளும் .99-இல் முடிகிறது, விலையிலேயே வரி அடங்கியிருக்கிறது என்று வையுங்கள். ஒரு பொருள் வாங்கினால் கடைசி 99, கடைக்கு 1 காசு. இரண்டு வாங்கினால் 98, கடைக்கு 2 காசு. மூன்று வாங்கினால் 97, அது 95 ஆகி வாடிக்கையாளருக்கு 2 காசு. நான்கில் 96, வாடிக்கையாளருக்கு 1 காசு. ஐந்தில் 95, யாருக்கும் இல்லை. ஆறிலிருந்து அதே சுழற்சி மறுபடி.

ஆக, ஒன்றிரண்டு பொருள் மட்டும் விற்கும் சிறு கடையில் ரவுண்ட் ஆஃப் கடைக்குச் சாதகம். கூடை நிறைய வாங்கும் கடையில் அது தானே கரைந்துவிடும். விலைக்கு மேல் வரி சேரும் இடங்களில் கடைசி இலக்கம் சிதறிவிடுவதால் சாய்வு இன்னும் குறையும்.

உங்கள் கடையின் சாய்வை அறிய, முந்தைய இரண்டு மாத ரொக்க பில்களை எடுத்து விதியை அவற்றின் மேல் ஓட்டிப் பாருங்கள். கூட்டுத்தொகையை பில் எண்ணிக்கையால் வகுத்தால் ஒரு பில்லுக்கான சாய்வு கிடைக்கும். அரைக் காசுக்கு மேல் உங்கள் பக்கம் சாய்ந்தால், அதிகம் தனியாக விற்கும் நான்கைந்து பொருள்களை 95-க்கோ 97-க்கோ மாற்றினாலே சரியாகும்.

இதற்கு நேர்மாறான கவலையும் உண்டு: வாடிக்கையாளர் தந்திரமாக, இறங்கும்போது ரொக்கமும் ஏறும்போது கார்டும் கொடுத்தால்? எல்லோரும் எப்போதும் அப்படிச் செய்தாலும் கடைக்கு பில்லுக்குச் சராசரி 0.6 காசுதான் நட்டம். கார்டுக் கட்டணம் பெரும்பாலும் அதைவிட அதிகம். கவலைப்பட வேண்டியது அதைப் பற்றித்தான்.

நாட்டுக் கணக்கில்

ஆய்வுகள் ஒன்றுக்கொன்று முரண்படுவதுபோலத் தெரிவதற்கும் கூடையின் அளவே, அதாவது ஒரு பில்லில் எத்தனை பொருள் என்பதே காரணம். அமெரிக்காவில் பொருளியலாளர் ரேமண்ட் லொம்ப்ரா 2001-இல், நுகர்வோருக்கு ஆண்டுக்குக் குறைந்தது 60 கோடி டாலர் நட்டம் வரும் என்று கணித்தார். அவர் எடுத்துக்கொண்டவை சிறு கடை விலைகளும் சிறிய கூடைகளும். இன்னொரு பொருளியலாளர் ராபர்ட் வேப்பிள்ஸ் 2007-இல் ஏழு மாநிலங்களில் நடந்த ஏறக்குறைய இரண்டு லட்சம் உண்மையான பில்களை எடுத்துப் பார்த்தபோது, நட்டம் கிட்டத்தட்ட மறைந்தே போனது. கனடாவின் மளிகைக் கடைகளுக்கு ஆண்டுக்கு 32.7 லட்சம் கனடிய டாலர் கூடுதலாகப் போகிறது என்று ஆய்வாளர் கிறிஸ்டினா செங் 2017-இல் கணித்தார். தலைக்கு வகுத்தால் அது ஆண்டுக்குப் பத்து சென்ட்டை எட்டாது.

அரசின் பக்கம் லாபம் எளிது. கனடாவில் ஒரு சென்ட்டை அச்சடிக்க 1.6 சென்ட் ஆனது. நிறுத்தியதால் ஆண்டுக்கு 1.1 கோடி டாலர் மிச்சம் என்று அரசு கணக்கிட்டது. அமெரிக்காவில் 2024 நிதியாண்டில் ஒரு சென்ட்டுக்கு 3.69 சென்ட் செலவானது. புழக்கத்துக்கான கடைசி நாணயம் 2025 நவம்பர் 12 அன்று பிலடெல்பியாவில் அச்சானது. ஆனால் அங்கே அதற்கடுத்த 5 சென்ட்டை அச்சடிக்க அதே ஆண்டில் 13.78 சென்ட் ஆயிற்று. 5 சென்ட் தேவை பெருகினால் மிச்சமெல்லாம் அதிலேயே போய்விடும் என்பது அங்குள்ள வாதம்.

எவ்வளவு சில்லறை கேட்பது

அந்த வாதத்தை உங்கள் கல்லாவில் சோதித்துப் பார்க்கலாம். 1, 5, 10, 25 காசு நாணயங்கள் உள்ள முறையில், மிச்சத் தொகைகள் (வாடிக்கையாளருக்குத் திருப்பித் தரும் சில்லறை) சமமாகப் பரவியிருந்தால் ஒரு ரொக்க பில்லுக்குச் சராசரியாக இரண்டு 1 காசும் 0.4 ஐந்து காசும் கொடுக்கிறோம். ரவுண்ட் ஆஃப் வந்த பிறகு 1 காசு பூஜ்யமாகிறது, 5 காசு அதே 0.4-இல் நிற்கிறது. 1000 பில்லுக்கு இரண்டாயிரம் நாணயம், அதாவது 50 நாணயச் சுருள்கள் நாற்பது, இல்லாமல் போகின்றன. 2.5 கிராம் எடையுள்ள அமெரிக்க சென்ட் என்றால் அது 5 கிலோ. எண்ணும் நேரமும் வங்கியின் சுருள் கட்டணமும் இங்கேதான் மிச்சமாகின்றன.

பரவல் சமமில்லாத கடைக்கு இது பொருந்தாது. 97-இல் முடியும் ஒற்றைப் பொருளை நிறைய விற்கும் கடை, முன்பு மூன்று 1 காசு கொடுத்த இடத்தில் இனி ஒவ்வொரு முறையும் ஒரு 5 காசு கொடுக்கும். 98, 99 விற்கும் கடைக்கு எதுவுமே வேண்டாம். சாய்வு பார்க்க எடுத்த அதே இரண்டு மாத பில்களில் மிச்சத் தொகையையும் கணக்கிட்டு, அதன்படி வங்கியில் சில்லறை கேளுங்கள். முதல் இரண்டு வாரத்துக்கு மட்டும் கால் பங்கு கூடுதலாக வைத்துக்கொள்வது நல்லது.

சிறு நோட்டுகள் நிற்கும்போது

நோட்டுக்குப் பதில் நாணயம் வந்தால் ரவுண்ட் ஆஃப் தேவையில்லை, மதிப்பு மாறவில்லை. மாறுவது எடையும் எண்ணிக்கையும்தான். சிறு நோட்டு கைமாறிக் கைமாறிச் சில ஆண்டுகளுக்குள் கந்தலாகிறது, நாணயம் பல பத்தாண்டு உழைக்கிறது. பிரிட்டன் 1983-இல் 1 பவுண்டு நாணயத்தைக் கொண்டுவந்து 1988-இல் நோட்டை எடுத்ததும், இந்தியா 1994–95-இல் 1, 2, 5 ரூபாய் நோட்டு அச்சடிப்பை நிறுத்தியதும் இந்தக் கணக்கில்தான். நாணயங்கள் வீட்டு உண்டியல்களில் தங்கிவிடுவதால் ஒரு நோட்டுக்கு ஒரு நாணயம் போதாது. டாலர் நாணயம் பற்றிய அமெரிக்க அரசுத் தணிக்கை ஆய்வுகள் ஒன்றுக்கு ஒன்றரை என்று எடுத்துக்கொண்டன. கல்லாத் தட்டில் ஒரு குழி கூடுதலாக ஒதுக்குங்கள்.

சட்டம் வராமலே நாணயம் தீர்ந்துவிட்டால்

பெல்ஜியம் 2019 டிசம்பர் முதல் ரொக்க ரவுண்ட் ஆஃபைக் கட்டாயமாக்கியது. அயர்லாந்து 2015 அக்டோபரில் விருப்பத்துக்கு விட்டது. இரண்டிலும் கடைக்காரர் நிற்பதற்கு ஒரு விதி இருந்தது. அமெரிக்காவில் நாணயம் நின்றபோது நாடு முழுமைக்குமான ரவுண்ட் ஆஃப் சட்டமே இல்லை. சில பகுதிகளில் வங்கிகளுக்கே சென்ட் கிடைக்காமல் போனது. உணவு உதவி அட்டையில் வாங்குபவரிடம் மற்றவரை விட அதிகம் வாங்கக் கூடாது என்பது அங்கே விதி. ரொக்கக்காரருக்கு மட்டும் இறக்கினால் அட்டைக்காரர் அதிகம் கொடுத்ததாகிவிடுமே என்று கடைகள் தயங்கின.

இப்படிப்பட்ட இடைக்காலத்தில் சட்டச் சிக்கல் குறைந்த வழி, எப்போதும் கீழே மட்டும் இறக்குவது. அப்போதும், ரொக்கம், கார்டு போன்ற கட்டண வகைகளுக்கிடையே வேறுபாடு கூடாது என்ற விதி உங்கள் ஊரில் இருக்கிறதா என்று முன்கூட்டியே பார்த்துவிடுங்கள். செலவு எவ்வளவு என்றால், 5 காசுக்கு இறக்கும்போது பில்லுக்குச் சராசரி 2 காசு. ஆயிரம் ரொக்க பில்லுக்கு 20.00. இதை விற்பனைத் தள்ளுபடியாக எழுதலாமா, தனித் தலைப்பிலா என்பதைத் தணிக்கையாளரிடம் கேட்டு முன்பே முடிவு செய்யுங்கள்.

சில்லறைக்குப் பதில் மிட்டாய், சீட்டு, அடுத்த பில்லில் கழித்துக்கொள்ளலாம் என்ற வாக்குறுதி ஆகியவை வேண்டாம். 1970-களில் நாணயம் கிடைக்காத இத்தாலியில் வங்கிகளே சிறு தொகைக் காசோலைகளை அச்சடித்துவிட, அவை பணம்போலக் கைமாறின. மிட்டாய் கொடுப்பது வாடிக்கையாளர் கேட்காத பொருளை விற்பதுதான். எப்போதும் மேலே மட்டும் ரவுண்ட் ஆஃப் செய்வதற்கு அது சமம்.

டப்பாவில் சேர்ந்த பழைய நாணயங்களை மாதம் ஒருமுறை எண்ணி, சுருளாகக் கட்டி வங்கியில் சேருங்கள். நாணயத்தை உருக்குவது பல நாடுகளில் குற்றம், செம்பு விலை எவ்வளவு ஏறினாலும். ஆஸ்திரேலியா திரும்ப எடுத்த 1, 2 சென்ட் நாணயங்களின் உலோகம் சிட்னி ஒலிம்பிக்கின் வெண்கலப் பதக்கங்களுக்குப் போனது. அதைச் செய்தது அரசு. கணக்கில் அந்த டப்பாவைக் கையிருப்பு ரொக்கத்தின் ஒரு பகுதியாகவே காட்டுங்கள். செல்லாததாகும் தேதி கடந்த பிறகும் டப்பாவில் மிஞ்சுவதை அன்றே நட்டமாக எழுதிவிடுங்கள்.